பொறி நிற்கவில்லை, பழி யார்மீது?

விடுதியில் ஒரு பொருள் பழுதானால் நம்மவர் கேட்கும் முதற் கேள்வி, "யார் கெடுத்தது?" என்பதே. "எது கெட்டது?" என்று கேட்பவர் அரியர். அறிவியல் கற்பதற்கென்று ஆயிரம் கல் கடந்து மும்பைக்கு வந்த நம்மிடையேயும் இவ்வழக்கம் நிலவுவதைக் காணும்போது, நாம் ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும்போது அணியும் அறிவை வெளியே வரும்போது வெள்ளைக் கோட்டோடு கழற்றி மாட்டிவிட்டு வருகிறோமோ என்ற ஐயம் எனக்கு உண்டாகிறது.

சென்ற ஜூலைத் திங்களில் நம் விடுதிச் சலவை அறையின் பழைய துணி உலர்த்தும் பொறி இரவு முழுதும் ஓயாமல் ஓடியதை நண்பர்கள் அறிவார்கள். அதற்காகச் சலவை அறையைக் காக்கும் காகாவின் சம்பளத்தில் 800 ரூபாய் பிடித்துக்கொள்ளப்பட்டதையும் அறிவார்கள். (மராத்தியில் காகா என்றால் சிற்றப்பா. ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கும் தம்பியர் பறவையென்று எண்ணிச் சிரிக்க வேண்டா.) "பொறியை நிறுத்தாமல் போய்விட்டார், மின்சாரம் வீணாயிற்று, பொறியும் கெட்டது" என்பது அவர்மீது சாற்றப்பட்ட குற்றம். இம்மூன்றில் ஒன்றுகூட உண்மை அன்று என்பது என் துணிபு. பொறியின் இயல்பைச் சற்றே அறிந்தால் வழக்கு தானாகவே தீர்ந்துவிடும். ஆகவே முதலில் பொறியைப் பார்ப்போம்.

டிரையர் என்று நாம் அழைக்கும் இப்பொறி நேற்றுத் தோன்றியது அன்று. 1800ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டில் பொஷோன் என்பவர், துளையிட்ட உருளைக்குள் ஈரத்துணியை இட்டு நெருப்பின்மேல் கையால் சுழற்றும் கருவியைச் செய்தார். 1892இல் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் வாழ்ந்த ஜார்ஜ் சாம்ப்சன் என்னும் கறுப்பினத்தவர், அடுப்பின் வெப்பத்தைக் கொண்டு துணி உலர்த்தும் அமைப்பு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பனி உறையும் வட டகோட்டாவில் வாழ்ந்த ராஸ் மூர் என்பவரின் முயற்சியால் 1938இல் மின்சார டிரையர் ஒன்று கடைக்கு வந்தது. அதற்கு 'ஜூன் டே' என்று பெயரிட்டார்கள். ஜூன் மாதத்து வெயில் நாளைப்போல் துணியை உலர்த்தித் தரும் என்பது கருத்து. பெயர் வைத்தவர்கள் மும்பையைக் கண்டதில்லை போலும்! இங்கே ஜூன் பிறந்தால் கதிரவன் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். செப்டம்பர் வரையில் அவனைக் காண்பது அரிது. எங்கள் நெல்லையில் மொட்டை மாடிக் கொடியில் ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று காயும் வேட்டி, இங்கே அறைக்குள் கட்டிய கயிற்றில் மூன்று நாள் தொங்கிய பின்னும் ஈரம் மாறாமல் நாற்றமெடுக்கிறது. ஆதலின் டிரையர் நமக்கு ஆடம்பரம் என்று யாரும் சொல்ல வேண்டா. மழைக்காலத்தில் அது இன்றியமையாதது.

இனி, அது நிற்பது எப்படி? கொடியில் கிடக்கும் துணி காய்ந்ததா என்று நாம் கையால் தொட்டுப் பார்க்கிறோம். பொறிக்குக் கை இல்லை. துணி காய்ந்துவிட்டது என்பதை அது நேரே அறிய இயலாது. வேறொன்றைக் கொண்டு ஊகிக்கத்தான் இயலும்.

எளிய வழி கடிகாரம். 60 நிமிடம் என்று திருகை வைத்தால், உள்ளே இருக்கும் சிறு மோட்டார் திருகைச் சுழியை நோக்கி நகர்த்தும். சுழியைத் தொட்டதும் மின்தொடர்பு அறும். துணி காய்ந்ததா இல்லையா என்ற கவலை கடிகாரத்துக்கு இல்லை.

இரண்டாவது வழிதான் நம் பழைய பொறியில் 'ஆட்டோ' என்று எழுதியிருக்கும் பகுதியில் உள்ளது. எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. துணியில் ஈரம் இருக்கும்வரை, கொடுக்கும் வெப்பத்தில் பெரும்பகுதி அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகும். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டுமல்லவா? ஆகவே உருளையை விட்டு வெளியேறும் காற்று அவ்வளவாகச் சூடேறாது. ஈரம் குறையக் குறைய, செலவழிய வழியில்லாத வெப்பம் காற்றில் ஏறும். குறித்த அளவு ஏறியவுடன் தெர்மோஸ்டாட் திறந்துகொண்டு ஹீட்டரை அணைத்துவிடும். ஹீட்டர் அணைந்திருக்கும் அந்தச் சிறு பொழுதில்தான் டைமர் மோட்டாருக்கு மின்சாரம் கிடைக்கும். திருகு சற்று நகரும். காற்று குளிர்ந்ததும் ஹீட்டர் மறுபடி எரியும், டைமர் நின்றுவிடும். இப்படியே விட்டுவிட்டு நகர்ந்து, துணி நன்றாகக் காயும் வேளையில் திருகு சுழியை அடையும். சிப்பு இல்லை, கணிப்பொறி இல்லை. வெப்பத்தையே கடிகாரத்தின் சாவியாக்கிவிட்டார்கள்!

மூன்றாவது வழி நம் புதிய பொறியில் உள்ளது. உருளைக்குள் இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத்துணி இரண்டையும் சேர்த்துத் தொட்டால் சிறிது மின்சாரம் பாயும். காய்ந்த துணி தொட்டால் பாயாது. அதைக் கொண்டு பொறி முடிவு செய்கிறது.

இப்பொழுது இரண்டாவது வழியை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். அங்கே நேரம் நகர வேண்டுமானால் முதலில் வெப்பம் ஏற வேண்டும். வெப்பம் ஏறாவிட்டால்? தெர்மோஸ்டாட் திறக்காது. டைமருக்கு மின்சாரம் வராது. திருகு வைத்த இடத்திலேயே நிற்கும். உருளையைச் சுழற்றும் மோட்டாரோ தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். பொறி ஓயாமல் ஓடுவதற்குச் சூடு மிகுந்துவிட்டது காரணம் என்று எல்லோரும் எண்ணுகிறோம். சூடே இல்லாமையும் காரணமாகலாம்!

அன்றிரவு நடந்தது இதுதான். ஒன்பதரை மணிக்கு ஒரு மாணவர் துணியை இட்டு, திருகை ஆட்டோவில் வைத்துவிட்டுப் படிக்கப் போனார். பத்து மணிக்குக் காகாவின் வேலை நேரம் முடிந்தது. ஓடும் பொறி தானே நின்றுவிடும், அறையைப் பூட்டிவிட்டுப் போகலாம் என்பது அவருக்கு இடப்பட்டிருந்த கட்டளை. அவர் அவ்வாறே செய்தார். காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தபோது உருளை சுழன்றுகொண்டிருந்தது. கூட்டம் கூடிவிட்டது. "இரவெல்லாம் எரிந்திருக்கிறது! விடுதியே சாம்பலாகியிருக்கும்!" என்று ஒருவர் கூவினார். நான் பொறியின் கதவின்மேல் கை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. உள்ளிருந்த துணியும் குளிர்ந்து, ஈரமாகவே இருந்தது. திருகு வைத்த இடத்தைவிட்டு அசையவில்லை. இந்த மூன்று செய்திகளே போதும். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லத் தக்கவை. ஆனால் விசாரணை நடத்திய அலுவலகத்தார் மூன்றையும் கேட்கவே இல்லை. "கடைசியாக யார் கதவைப் பூட்டியது?" என்று மட்டும் கேட்டார்கள்.

பழுதுபார்க்க வந்தவர் முதல் முறை டைமரை மாற்றிவிட்டுப் போனார். மூன்றே நாளில் பொறி மறுபடியும் நிற்க மறுத்தது. இரண்டாம் முறை வந்த வேறொருவர் மீட்டர் வைத்து அளந்தார். ஹீட்டருக்கு அருகில் ஒரு காப்பு இருக்கிறது. அளவுக்கு மீறிச் சூடேறினால் அறுந்து ஹீட்டருக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்திவிடும். அது அறுந்துகிடந்தது. ஏன் அறுந்தது என்று பார்க்கப் போனவர், ஈரக் காற்றைச் சுவருக்கு வெளியே கொண்டுபோகும் குழாயைக் கழற்றினார். வாயில் புறாக்கள் கொண்டுவந்து திணித்த குச்சியும், அதன்மேல் வந்து அடைந்த துணிப் பஞ்சும் கல்லைப்போல் இறுகிக்கிடந்தன! பஞ்சு காற்றை அடைத்தது, காற்று இல்லாமல் ஹீட்டர் கொதித்தது, காப்பு அறுந்தது, சூடு போயிற்று, சூடு போனதால் கடிகாரம் நின்றது, கடிகாரம் நின்றதால் பொறி ஓடியது. இந்தத் தொடரில் காகாவின் கை எந்த இடத்தில் வருகிறது?

பஞ்சை அவர் அகற்றவில்லையே என்பார்கள். கதவருகில் உள்ள வலையை ஒவ்வொரு முறையும் அவர் வழித்துச் சுத்தம் செய்வதை நாள்தோறும் பார்க்கிறோம். நாம்தாம் செய்வதில்லை. சுவருக்கு வெளியே, இரண்டாம் மாடி உயரத்தில் இருக்கும் குழாய் வாயைச் சுத்தம் செய்வது யார் வேலை என்று எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. ஏணியும் கொடுக்கப்படவில்லை.

மின்சாரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஹீட்டர் எரியாத பொறியில் ஓடுவது மோட்டார் மட்டுமே. அதற்குக் கால் கிலோவாட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒன்பதரையிலிருந்து ஆறு வரை எட்டரை மணி நேரம். பெருக்கினால் 2 யூனிட்டுக்குச் சற்று மேல். இரண்டு கிலோ தண்ணீரை ஏந்திய துணியை ஒழுங்காக உலர்த்த, ஆவியாக்கும் வெப்பத்துக்கு மட்டுமே 1.3 யூனிட் வேண்டும். உருளையையும் காற்றையும் சூடேற்றுவது, மோட்டார் எல்லாம் சேர்த்தால் அதுவும் ஏறக்குறைய அந்த 2 யூனிட்டையே தொடும். ஆக, இரவெல்லாம் வீணாயிற்று என்று சொல்லப்பட்ட மின்சாரம் ஒரு தடவை துணி உலர்த்தும் செலவு! இதற்கு 800 ரூபாயா? எந்த வாணிகன் இந்த விலைக்கு மின்சாரம் விற்கிறான்?

இதைச் சொல்வதால், ஓயாத பொறி ஆபத்தற்றது என்று யாரும் எண்ணிவிடலாகாது. அன்றிரவு குளிர்ந்திருந்தது நம் நல்லகாலம். காப்பு அறுவதற்கு முந்திய நாட்களில் அடைபட்ட குழாயோடு ஹீட்டர் கொதித்துக்கொண்டிருந்ததே, அதுதான் உண்மையான ஆபத்து. அதை யாரும் காணவில்லை, யாரும் கூவவில்லை. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையுள்ள கணக்கை ஆராய்ந்து, டிரையரால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 வீட்டுத் தீ விபத்துகள் நேர்ந்ததாகக் கூறியது. அவற்றுள் முதன்மையான காரணம், 34 விழுக்காடு, சுத்தம் செய்யாமை. 2016 ஆகஸ்டில் லண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 18 மாடிக் குடியிருப்பு ஒன்றில் பற்றிய தீக்கு, பழுதான டிரையரே காரணம் என்று அந்நகரத்துத் தீயணைப்புப் படை கூறியது. துணிப் பஞ்சு எவ்வளவு எளிதில் பற்றும் என்பதைத் திரி திரிக்கத் தெரிந்த நமக்குச் சொல்லவும் வேண்டுமோ?

ஆகவே அடுத்த முறை ஒரு பொறி நிற்க மறுத்தால், கூட்டம் கூடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. பொசுங்கும் நாற்றமோ புகையோ இருந்தால் கதவைத் திறக்கவே கூடாது. சுவர்ச் சுவிட்சை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். அவை இல்லையானால் கதவைத் திறந்து பாருங்கள். கதவு திறந்தும் உருளை சுற்றினால், கதவுச் சுவிட்சு ஒட்டிக்கொண்டது என்று பொருள். உடனே மின்சாரத்தை அணைத்துவிட வேண்டும். பழுது நீங்கும்வரை அதை ஒருவரும் தொடலாகாது. சுற்றும் உருளைக்குள் கை போனால் என்னாகும் என்பதை விரிக்க விரும்பவில்லை. கதவைத் திறந்ததும் நின்று, மூடியதும் பொத்தானை அழுத்தாமலே ஓடத் தொடங்கினால், ஓட்டத் தொடங்கும் சுவிட்சோ ரிலேயோ ஒட்டிக்கொண்டிருக்கும். மின்தொடர்பு பிரியும்போதெல்லாம் சிறு பொறி பறக்கிறது. அந்தச் சூட்டில் உலோக முனைகள் உருகி ஒருநாள் ஒன்றாகிவிடுகின்றன. இவ்விரண்டும் இல்லையென்றால் திருகை 20 நிமிடத்தில் வைத்துப் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். சுழிக்கு வந்து நின்றால் டைமர் நலமாக உள்ளது. குற்றம் வெப்பத்திலோ காற்றிலோ உள்ளது. அந்த 20 நிமிடச் சோதனையை முதலில் வந்தவர் செய்திருந்தால், நல்ல டைமரைக் கழற்றி எறிந்திருக்க மாட்டார். பிறகு கதவைத் தொட்டுப் பாருங்கள்: குளிர்ந்திருந்தால் ஹீட்டர் பக்கம், கொதித்தும் துணி ஈரமாகவே இருந்தால் குழாய்ப் பக்கம்.

புதிய பொறியைப் பற்றி வரும் முறையீடுகளில் பாதி, பழுதே அல்ல. வேலை முடிந்த பின்னும் துணி கசங்காதிருக்க அவ்வப்போது சில சுற்றுச் சுற்றும்படி அதை அமைத்திருக்கிறார்கள். துணியை எடுத்துவிட்டால் தீர்ந்தது. மணக்கும் துணி மென்மையாக்கியைக் கணக்கின்றி ஊற்றுபவர்களுக்கு ஒரு சொல்: அது பட்டைகளின்மேல் படலமாய்ப் படியும். அதனால் ஈரத்துணியையும் காய்ந்ததென்று எண்ணிப் பொறி முன்னதாகவே நின்றுவிடும். அதே பட்டைகளுக்கிடையே கோளாறாக நேர்த்தொடர்பு ஏற்பட்டுவிட்டாலோ, காய்ந்த துணியும் ஈரமென்றே தோன்றும்; பொறி நிற்காது.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை மும்பையிலும் விடாத நண்பர்கள் பலர் நம்மிடையே உள்ளனர். மகிழ்ச்சி. ஆனால் நல்லெண்ணெய் தோய்ந்த துண்டைத் துவைத்துவிட்டோம் என்று நம்பி டிரையரில் இடவேண்டா. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடித் தானே சூடேறும் இயல்புடையது. சூடான துணி குவியலாகக் கிடந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகித் தீயாகலாம். பொறி கடைசிச் சில நிமிடம் சூடின்றிச் சுற்றுவது இதற்காகவும்தான். இடையில் நிறுத்த நேர்ந்தால் துணியை உள்ளேயே விட்டுவிடாமல் வெளியே எடுத்து விரித்துப் போட வேண்டும். எண்ணெய்த் துண்டுக்குக் கயிறே போதும். மூன்று நாள் ஆனால் ஆகட்டும்.

இதையெல்லாம் நம் நண்பர்களிடம் சொன்னபோது இரண்டு விதமான மறுமொழி கிடைத்தது. ஒரு சாரார், "அதற்கென்று ஆள் இருக்கிறார்கள், நமக்கேன்?" என்றனர். கோட்பாட்டு இயற்பியலில் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளை மூச்சுவிடாமல் தீர்க்கும் ஒருவரே இப்படிச் சொன்னார். வெப்பம் பரவும் சமன்பாடும் அவற்றுள் ஒன்று! மற்றொரு சாரார் அன்று மாலையே திருப்புளியோடு வந்து பொறியின் முதுகைக் கழற்றத் தொடங்கிவிட்டனர். இவர்களும் வேண்டா. உள்ளே 230 வோல்ட் ஓடுகிறது. பார்ப்பது, தொட்டறிவது, குறித்துவைப்பது நம் வேலை. திறப்பது மின்பணியாளர் வேலை. நோயாளி தன் நோய்க்குறிகளை ஒழுங்காகச் சொல்லவேண்டும் என்றால், தானே வயிற்றைக் கிழித்துக்கொள்ள வேண்டும் என்று பொருளாகுமா?

நான் வேண்டுவது பெரிதன்று. சலவை அறையில் ஒரு குறிப்பேடு தொங்க வேண்டும். எந்தப் பொறி, எந்த நிலையில் திருகு, சூடா குளிரா, கதவைத் திறந்ததும் நின்றதா என்று, கண்டவர் கண்டபடி எழுத வேண்டும். பொறியின் மின்சுற்றுப் படம் அலுவலகப் பெட்டியில் உறங்குவதைவிட அந்த அறைச் சுவரில் இருக்கலாம். குழாய் வாயைச் சுத்தம் செய்யும் நாளும் செய்பவர் பெயரும் மழைக்கு முன், மே மாதத்திலேயே எழுதப்பட வேண்டும். புறாவுக்கு எதிராக ஒரு கம்பி வலை போட அதிகச் செலவாகாது.

காகாவின் பணம் திரும்ப வரவேண்டும். இதைச் செயற்குழு நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் தமிழ் மன்றத்துக்கு இது ஏன்? அவர் தமிழரும் அல்லரே!" என்றார். அவர் தமிழர் அல்லர், ரத்தினகிரிப் பக்கத்தவர். நம் வேட்டியையும் சட்டையையும் பஞ்சு வழித்து உலர்த்தித் தரும்போது அவர் நம்மை எந்த ஊர் என்று கேட்டதில்லை. பொறி குளிர்ந்திருந்ததைத் தொட்டுப் பார்த்தவர்களுள் நால்வர் நம் மன்றத்தினர். நாம் சொல்லாவிட்டால் அதைச் சொல்ல வேறு சாட்சி இல்லை. வரும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக முன்மொழிய இருக்கிறேன். இரண்டாவது முறை வந்த பணியாளர் எழுதிக்கொடுத்த சீட்டின் படியையும் மின்சாரக் கணக்கையும் அதனோடு இணைத்துள்ளேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.